கண்ணாடி அலமாரியில் கெட்டவை, மைலோ டின்னில் பிழைத்தவை: சுங்கை சிப்புட்டில் ஒரு காரீயப் படையின் நிகழ்வு ஆய்வு

ஒரே அத்தை, ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வருடங்கள். அந்த அத்தை இங்கிலாந்திலிருந்து வாங்கி அனுப்பிய காரீயப் பொம்மைகளில் ஒரு பங்கு கூடத்துக் கண்ணாடி அலமாரியில் மரியாதையாக நின்றது. இன்னொரு பங்கு மைலோ டின்னில், அடுப்படிக்குப் பின்னால் உள்ள ஸ்டோரில் கிடந்தது. இத்தனை வருடம் கழித்து இரண்டையும் எடுத்துப் பார்த்தபோது, மரியாதையாக நின்றவைதான் மாவாகிக்கொண்டிருந்தன. டின்னில் கிடந்தவை கறுத்திருந்தனவே தவிர, ஒரு வாள் முனைகூடக் கரையவில்லை.

வேண்டுமென்று திட்டம் போட்டு வைத்தால்கூட ஒப்பிட்டுப் பார்க்க இவ்வளவு தோதாக அமையாது. பழைய காரீய மினியேச்சர்கள் நம் ஊர்களில் ஏன் கெடுகின்றன என்று கேட்டால் பெரும்பாலும் “பழசாச்சு, அதான்” என்றோ “நம்ம ஊர் ஈரம்” என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம். இரண்டு பங்குக்கும் வயது ஒன்று, ஊர் ஒன்று, மழை ஒன்று. வேறுபட்டது வைத்த இடம் மட்டும்தான். அதனால் இதை விவரமாக எழுதிவைக்கிறேன்.

வந்த சரக்கு

பொம்மைகளின் சொந்தக்காரர் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து இப்போதுதான் ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் போல எனக்கும் அவர் ‘சார்’. அவருடைய அப்பா மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். அப்பாவின் தங்கை 1970களில் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போனவர். மலேசியாவிலிருந்து அப்படிப் போன பெண்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். இந்த அத்தைக்கு வாய்த்த ஊர் நாட்டிங்ஹாம். விரல் உயரத்துக்குப் பூதங்களையும் குள்ளர்களையும் மந்திரவாதிகளையும் வார்த்து விற்கும் தொழிலுக்கு அந்த வட்டாரம்தான் பிரிட்டனில் தலைமையிடம் என்பது அத்தைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மருமகன் மாயக்கதையாகப் படிக்கிறான், இது அவனுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். 1982 முதல் 1987 வரை, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தார்.

மொத்தம் 64 உருவங்கள். சார் பையனாக இருந்தபோது சாயம் அடித்து நல்ல நிலையில் இருந்த 38, குடும்பம் தோட்டத்தை விட்டுத் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த சமயம் புதிதாகச் செய்த அலமாரிக்குப் போயின. தம்பி விளையாடி வளைத்தவை, இரட்டையாக வந்தவை, சாயமே காணாதவை என்று மிஞ்சிய 26 மைலோ டின்னுக்குப் போயின. 1990களின் கடைசியில் சார் தன் சம்பளத்தில் கோலாலம்பூரில் வாங்கிய ஐந்து உருவங்களும் அலமாரியில் சேர்ந்தன. அந்த ஐந்தை மறக்கவேண்டாம், பின்னால் வேலைக்கு ஆகும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. அலமாரிக்குப் போனவை சாயம் அடித்தவை. டின்னுக்குப் போனவை பெரும்பாலும் வெறும் உலோகம். சாயம் ஒரு போர்வை என்று வைத்துக்கொண்டால், டின்னில் கிடந்தவைதான் முதலில் கெட்டிருக்கவேண்டும். நடந்தது தலைகீழ்.

சார் போனில் கூப்பிட்டபோது சொன்னது இது: “தம்பி, பொம்மையெல்லாம் பூஞ்சை பிடிச்சிருக்கு. புளி போட்டுத் தேய்ச்சா போயிடும்னு வீட்டுல சொல்றாங்க. தேய்க்கட்டுமா?”

“வேணாம் சார். எதையும் தொடாதீங்க, அலமாரியைத் திறந்து ஊதவும் வேணாம். நான் வர்றேன்.”

புளி குத்துவிளக்குக்கு. காரீயத்துக்கு எந்தப் புளிப்பும் ஆகாது. ஏன் என்று கீழே வருகிறது.

எந்தப் பட்டறையில் பிறந்தவை

வைத்தியத்துக்கு முன்னால் அடையாளம். எந்தக் காலத்து உலோகம் என்று தெரியாமல் கை வைக்கக்கூடாது.

பழைய மினியேச்சரில் முதலில் பார்க்கவேண்டிய இடம் காலடி. 1980களின் நடுப்பகுதி வரை உருவமும் அது நிற்கும் பீடமும் ஒரே வார்ப்பாக இருக்கும். அதன்பிறகு இந்த உருவங்களை வார்க்கும் பிரிட்டிஷ் கம்பெனியான சிட்டாடல் பாதத்துக்குக் கீழே ஒரு தட்டையான நாக்கு வைத்து வார்த்து, நடுவில் பிளவுள்ள பிளாஸ்டிக் பீடத்தில் அதைச் செருகும் முறைக்கு மாறியது. சேகரிப்பவர்கள் ஸ்லாட்டா என்பது இதைத்தான். அந்த நாக்கில் கம்பெனிப் பெயர் இருக்கும், பல சமயம் ஆண்டும் இருக்கும், சில உருவங்களில் அந்தப் பூதத்துக்கு வைத்த பெயர்கூட இருக்கும். பிளாஸ்டிக்கிலிருந்து பதனமாகக் கழற்றிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. அலமாரியிலிருந்த 38இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஸ்லாட்டா, மற்றவை அதற்கு முந்தியவை. அத்தை அனுப்பிய வருடங்களோடு கணக்கு ஒத்துப்போனது.

அடுத்து உயரம். அந்தக் காலத்து உருவங்கள் 25 மில்லிமீட்டர் அளவு. பின்னால் வந்தவை 28, அதற்கும் மேலே. பழைய குள்ளனையும் புதிய குள்ளனையும் பக்கத்தில் நிறுத்தினால் புதியவன் அண்ணன் மாதிரி இருப்பான். கையும் தலையும் பெருத்திருக்கும். எனக்குப் பழைய அளவுதான் பிடிக்கும். ஒல்லியான கை, ஒல்லியான ஈட்டி, மனிதனுக்குரிய விகிதம்.

இந்த வரலாறு சுருக்கமாக இப்படி. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது. மேசையில் நிறுத்த உருவங்கள் தேவைப்பட்டன. 1975இல் ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டியில் ரால் பார்த்தா என்ற மினியேச்சர் கம்பெனி தொடங்கியது. டாம் மையர் செதுக்கிய அதன் எல்ஃப்கள் இன்றைக்கும் கண்ணுக்குக் குளிர்ச்சி. 1978இல் நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்து நியூவார்க்கில் பிரையன் ஆன்செல், விளையாட்டுக் கம்பெனியான கேம்ஸ் வொர்க்‌ஷாப்போடு சேர்ந்து சிட்டாடலைத் தொடங்கினார். ஆரம்பத்தில் சிட்டாடல் தன் சொந்த உருவங்களோடு ரால் பார்த்தாவின் உருவங்களையும் உரிமம் வாங்கி வார்த்தது. ஆகவே இங்கிலாந்திலிருந்து வந்த பொட்டலத்தில் அமெரிக்கச் சிற்பியின் கைவேலை இருந்தால் குழம்பவேண்டாம். சாரின் மைலோ டின்னில் அப்படி மூன்று இருந்தன. 1983இல் ஆன்செல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி மூவரும் வார்ஹேமர் விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். விளையாட்டு வந்ததே பொம்மை விற்கத்தான் என்பார்கள். அதில் பொய்யில்லை.

கை யாருடையது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லப் பழகிக்கொள்ளலாம். காப்ளின் என்ற குட்டிப்பூதம் என்றால் செதுக்கியவர் கெவ் ஆடம்ஸ். பெரிய மூக்கு, கோணல் வாய், ஒவ்வொன்றும் வேறொரு குறும்பு. மைக்கேல், ஆலன் என்ற பெர்ரி இரட்டையரின் மனிதர்கள் அடக்கமானவர்கள்; இடுப்புப் பட்டை, பை, தண்ணீர்க் குடுவை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். சாரின் படையில் மிகவும் மதிப்பான பொருள் ‘பக்மன்ஸ் டுவார்ஃப் ரேஞ்சர்ஸ்’ என்ற குள்ளர் பிரிவு. ரெஜிமெண்ட்ஸ் ஆஃப் ரினௌன் வரிசையில் பெட்டியாக வந்தது. பீர் காய்ச்சும் குள்ளன் தலைமையில் ஒரு பட்டாளம். பெட்டியின் மேல் அட்டையை சார் இன்னும் வைத்திருக்கிறார். கறையான் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது.

உலோகம் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். மூல உருவத்தை இரண்டு பாகப் பசைமண்ணில் செதுக்கி, அதை ரப்பர் வட்டுகளுக்கு நடுவில் வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் வல்கனைஸ் செய்வார்கள். அச்சு தயார். அச்சைச் சுழலவிட்டு நடுவில் உருகிய உலோகத்தை ஊற்றினால், சுழற்சி அதை ஓரங்களுக்குத் தள்ளி மூக்கு, விரல், வாள் நுனி வரை நிரப்பும். ஊற்றிய உலோகம் காரீயமும் வெள்ளீயமும் கலந்தது. அந்த வருடங்களில் உலகத்திலேயே அதிகமாக இயற்கை ரப்பரும் வெள்ளீயமும் எடுத்த நாடு மலேசியா. அதுவும் வெள்ளீயம் என்றால் நம் பேராக்தான். அத்தை பொட்டலம் அனுப்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1985 அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை சரிந்து, பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், ஒன்றொன்றாக மூடின. சாரின் சித்தப்பா ஒருவருக்கு அதில்தான் வேலை போயிற்று. சரி, பொம்மைக்கு வருவோம்.

காரீயம் மலிவு, வெள்ளீயம் விலை கூட. காரீயம் கூடக்கூட உருவம் கனமாகவும் மிருதுவாகவும் இருக்கும். கெடுவதற்கும் அதிகம் இடம் கொடுக்கும். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தில் காரீயப் பொருட்கள் மீதான சட்டம் இந்த உருவங்களையும் பிடிக்கும் என்ற நிலை வந்தபோது, 1993 வாக்கில் அமெரிக்கக் கம்பெனிகள் காரீயம் இல்லாத கலவைக்கு மாறின. ரால் பார்த்தா தன் கலவைக்கு ராலிடியம் என்று பெயர் வைத்தது. சிட்டாடலும் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வெள்ளீயக் கலவைக்கு மாறிவிட்டது. சார் தன் சம்பளத்தில் வாங்கிய ஐந்தும் அந்தப் பிந்திய ரகம். அலமாரியின் அதே தட்டில், மாவாகிக்கொண்டிருந்த ஓர்க் என்ற பச்சைப் பூதத்துக்குத் தோள் உரசி நின்றும் அவற்றின் மீது ஒரு புள்ளி வெள்ளை இல்லை. உடனே சந்தேகம் காரீயத்தின் மேலும் அலமாரியின் மேலும் போனது.

வெள்ளைப் பொடி

காரீயம் கறுப்பது வேறு, வெளுப்பது வேறு. கறுப்பது நல்லது. காற்றுப் பட்டு மேலே படியும் சாம்பல் நிறத் தோல் உள்ளே இருப்பதைக் காக்கும். மைலோ டின்காரர்கள் அனைவரும் அப்படித்தான் இருந்தார்கள். வெளுப்பதுதான் நோய்.

ஒரு ஓர்க்கை எடுத்துக்கொள்வோம். கேடயம் தூக்கி, வாய் பிளந்து, ஒற்றைக்காலை முன்வைத்து நிற்பவன். மேலிருந்து பார்த்தால் பச்சை முகம், சிவப்பு நாக்கு எல்லாம் சரியாகவே இருந்தன. தோளில் மட்டும் சாயம் ஒரு கொப்புளமாக எழும்பியிருந்தது. பல்குச்சியால் லேசாகத் தொட்டதும் கொப்புளம் உடைந்து வெள்ளை மாவு கொட்டியது; அடியில் குழி. கவிழ்த்துப் பார்த்தால் கதை புரிந்தது. பீடத்தின் அடிப்பாகத்துக்கு யாரும் சாயம் அடிப்பதில்லை. அங்கிருந்துதான் பொடி புறப்பட்டுக் கணுக்கால் வழியாக மேலேறியிருந்தது. வலது பாதம் இருந்த இடத்தில் சாயத்தோல் மட்டும் பாத வடிவத்தில் நின்றது. உள்ளே உலோகம் இல்லை.

பூஞ்சைக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு சொட்டு ஆல்கஹால் போதும். பூஞ்சை துடைத்தால் போய்விடும், அடியில் பரப்பு வழுவழுப்பாக இருக்கும். இது துடைத்த இடத்தில் பள்ளம் விடும்.

நடப்பது என்ன? மரப்பலகை, அதிலும் ஒட்டுப்பலகையும் தூள்பலகையும், அசெட்டிக் அமில ஆவியை வருடக்கணக்கில் மெல்ல விட்டுக்கொண்டே இருக்கும். அட்டைப்பெட்டியும் விடும், சில பசைகளும் வார்னிஷும் விடும். மூடிய அலமாரியில் அந்த ஆவிக்கு வெளியே போக வழியில்லை. ஈரக்காற்றின் உதவியோடு அது காரீயத்தைத் தின்று காரீய அசெட்டேட் ஆக்கும். காற்றில் உள்ள கரியமில வாயு அந்த அசெட்டேட்டைக் காரீயக் கார்பனேட்டாக, அதாவது நாம் பார்க்கும் வெள்ளைப் பொடியாக மாற்றும். அப்படி மாற்றும்போது அசெட்டிக் அமிலம் மறுபடி விடுபடும். விடுபட்டது பக்கத்துக் காரீயத்தைத் தின்னப் போகும். கொஞ்சமே அமிலம், தீராத பசி.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஓவியர்களுக்கு வெள்ளைச் சாயம் செய்ய ஹாலந்தில் ஒரு காலத்தில் இதையே வேண்டுமென்று செய்தார்கள். மண்பானையில் வினிகர், அதன்மேல் காரீயச் சுருள், சுற்றிலும் குதிரைச்சாணம். சாணம் சூட்டையும் கரியமில வாயுவையும் கொடுக்கும். சில மாதங்களில் சுருள் வெள்ளைச் செதிலாகிவிடும். சாரின் அலமாரி சாணம் இல்லாமல் அதே வேலையை நிதானமாகப் பார்த்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் கப்பல் மாதிரிகளில் இருந்த காரீயப் பீரங்கியும் நங்கூரமும்கூடக் காட்சிப் பெட்டிக்குள்ளேயே இப்படிப் பொடியாகி, அதுபற்றி அவர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

இப்போது புளி விவகாரம் புரியும். இணையத்தில் சிலர் வெள்ளைப் பொடியை வினிகரில் ஊறவைத்து எடுக்கச் சொல்கிறார்கள். பொடி கரையும், பளிச்சென்று ஆகும், எல்லாம் உண்மைதான். ஆனால் எந்த அமிலம் நோயைத் தந்ததோ அதையே துளைகளுக்குள் ஏற்றிவிட்டு வருகிறோம். இதைவிட மோசமான வைத்தியம் இருக்க முடியாது.

ஜாம் போத்தல் சோதனை

அலமாரிதான் குற்றவாளி என்று சொல்லிவிடலாம். சார் ஒத்துக்கொள்ளவில்லை. “அப்பா முன்னால நின்னு செய்ய வச்ச அலமாரி தம்பி. நல்ல பலகை.” அவர் கோபத்தில் நியாயம் இருந்தது, ஆதாரம் காட்டியாகவேண்டும்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி என்பவர் 1973இல் அறிமுகப்படுத்திய சோதனை ஒன்று உண்டு. காட்சிப் பெட்டிக்குப் பயன்படுத்த நினைக்கும் பொருளில் ஒரு துண்டு, காரீயம், செம்பு, வெள்ளித் தகடுகள், கொஞ்சம் தண்ணீர். எல்லாவற்றையும் கண்ணாடிக் குடுவையில் அடைத்து 60 பாகை சூட்டில் 28 நாள் வைப்பார்கள். தகடு கெட்டால் அந்தப் பொருள் தள்ளுபடி. நம் வீட்டில் அந்த அடுப்புக்கு எங்கே போவது? வெயில் அடிக்கும் ஜன்னல் விளிம்பு போதும் என்று முடிவு செய்தோம். தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, ஈரப் பஞ்சோடு மூன்று ஜாம் போத்தல்களில் போட்டோம். ஒன்றில் அலமாரியின் முன்சட்டத்திலிருந்து சீவிய மரம். இன்னொன்றில் அலமாரியின் முதுகுப்பலகைத் துண்டு. மூன்றாவதில் பஞ்சைத் தவிர ஒன்றுமில்லை.

மாதம் ஒன்று போனதும் திறந்தோம். ஒன்றுமில்லாத போத்தலில் தகடு மங்கிச் சாம்பலாகியிருந்தது. சட்டத்து மரம் வைத்ததில் விளிம்பில் வெள்ளைக் கோடு. முதுகுப்பலகை வைத்த தகடு இரண்டு பக்கமும் மாவு பூத்திருந்தது. விரல் பட்டால் உதிர்ந்தது. அப்பா நின்று செய்யவைத்தது நல்ல மரம்தான். முதுகுக்கு யாரும் பார்க்காத இடத்தில் அடித்தது மலிவான தூள்பலகை. சார் போத்தலைக் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முதுகுல குத்தினது இவன்தானா” என்றார்.

கழுவியதும் கழித்ததும்

காரீயப் பொடி விளையாட்டில்லை. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான காரீய அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. சார் வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடுகிறார்கள். அதனால் வேலை முழுவதும் பின்கட்டில், ஈரமாக்கிய செய்தித்தாள் விரித்து, கையுறையும் நல்ல முகக்கவசமும் போட்டு நடந்தது. உலர்ந்த பிரஷால் தட்டவே கூடாது, உப்புத்தாள் தேய்க்கக் கூடாது. பொடியை எப்போதும் ஈரமாகவே எடுக்கவேண்டும். அடுப்படித் தொட்டிப் பக்கம் எதுவும் போகவில்லை. அலமாரியின் தட்டுகளையும் ஈரத்துணியால் துடைத்து, துணிகளைப் பைக்குள் பை போட்டுக் கட்டிவைத்தோம்.

அலமாரியின் 38இல் 7 உருவங்கள் கை கழுவவேண்டியவை. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. 14க்குப் பீடத்திலும் காலிலும் சேதம், மேலே நல்ல உலோகம். மிச்சம் 17க்கு லேசான பூப்பு, அல்லது அதுவும் இல்லை. தப்பித்த பதினேழில் பெரும்பாலானவை பையன் வயது சார் பீடத்தின் அடிவரை தடியாக எனாமல் பூசிவிட்டவை. சுத்தமாக, மெல்லிசாகச் சாயம் அடித்தவைதான் அதிகம் அடிபட்டன. கைத்திறனுக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள்.

சேதமடைந்தவற்றை நைலான் பிரஷும் வடித்த தண்ணீருமாகத் தேய்த்து, உடனே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் முக்கி, மேசைவிளக்குச் சூட்டில் காயவைத்தோம். குழிகளுக்கு இரண்டு பாகப் பசைமண். காணாமல் போன பாதங்களையும் அதிலேயே செய்தோம். ஓர்க்குக்கு இப்போது இருக்கும் வலது பாதம் என் கைவேலை. பெருவிரல் கொஞ்சம் பெரிசு.

பழைய சாயத்தை எடுப்பதா வைப்பதா என்பதில் சேகரிப்பவர்களுக்குள் சண்டையே உண்டு. வெறும் உலோகத்துக்குத்தான் விலை, எனவே எல்லாவற்றையும் உரித்துவிடு என்பது ஒரு கட்சி. நான் அந்தக் கட்சியில் இல்லை. நோய் இருக்கும் உருவத்தில் சாயத்தை எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. நோய் இல்லாததில் 1980களில் ஒரு தோட்டத்துப் பையன் அடித்த சாயம் அந்த உருவத்தின் வரலாறு. குள்ளர் தலைவன் ஒருவன் உடம்பெல்லாம் கேட்டுக்கு அடிக்கும் பச்சையும் கோயில் திருப்பணியில் மிஞ்சிய சிவப்புமாக நிற்கிறான். அவனை உரித்து நல்ல விலைக்குத் தள்ள நினைப்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

எடுக்கவேண்டியவற்றில் எனாமலுக்கு அசிட்டோன் போதும். பிளாஸ்டிக் பீடத்தை முன்பே கழற்றிவிடவேண்டும், இல்லாவிட்டால் கரைந்துபோகும். அக்ரிலிக் சாயத்துக்கு டெட்டால். ஊறவைத்து, டெட்டாலிலேயே பிரஷ் போட்டுத் தேய்த்து முடித்த பிறகுதான் தண்ணீர். இடையில் தண்ணீர் பட்டால் சாயம் பசையாகி பிரஷையும் விடாது, பொம்மையையும் விடாது. சாரின் வீடு இரண்டு நாள் ஆஸ்பத்திரி வார்டு வாசம் அடித்தது. அத்தை இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்றார் சார்.

சாயம்

நம் ஊரில் ஸ்பிரே பிரைமர் சூதாட்டம். காற்றில் ஈரம் மிகுந்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும், மேட் வார்னிஷ் வெள்ளைப் பனி படர்ந்துவிடும். விடியற்காலைக் குளிர்ச்சி வேலைக்கு நல்லது என்று தோன்றும்; ஈரம் உச்சத்தில் இருப்பதே அப்போதுதான். பதினொரு மணிக்கு மேல், மாலை மழை கட்டுவதற்கு முன்பு அடிக்கவேண்டும். இந்தப் படைக்கு நான் பிரஷால் பூசும் பிரைமரையே எடுத்தேன். பீடத்தின் அடிப்பக்கம், நாக்கு, கேடயத்தின் பின்புறம் என்று ஒரு மில்லிமீட்டர் விடாமல் மூடவேண்டியிருந்தது. ஸ்பிரே அந்த மூலைகளுக்குப் போகாது.

நிறத்தில் இன்றைய பாணி வேறு. மங்கலான பழுப்பு, கரி, துரு என்று போர்க்களத்திலிருந்து வந்த மாதிரி அடிக்கிறார்கள். 1980களின் பாணி அதற்கு நேர் எதிர். சிவப்பென்றால் சிவப்பு, மஞ்சளென்றால் மஞ்சள், நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே கறுப்புக்கோடு, பீடத்தின் விளிம்பு பளிச்சென்ற பச்சை. கேடயத்தில் பல்லைக் காட்டும் ஒரு முகம். தூரத்திலிருந்து மேசையில் பார்த்தாலே யார் என்று தெரியவேண்டும், அதுதான் நோக்கம். நம் தோட்டத்து முனீஸ்வரனுக்கும் மதுரைவீரனுக்கும் சாயம் அடிப்பவர்கள் அதே கணக்கில்தான் அடிக்கிறார்கள்: உருட்டு விழி, முறுக்கு மீசை, நீலமோ சிவப்போ கலப்பில்லாமல். அதனால்தானோ என்னவோ, சாரின் பழைய உருவங்களில் எனக்கு அந்நியமாக எதுவும் படவில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கோயிலில் கண் கடைசியில்தான் திறப்பார்கள். மினியேச்சரில் கண்ணை முதலில் முடித்துவிடுவது நல்லது. பிசகினால் சுற்றியுள்ள தோலை அடித்து மூடிக்கொள்ளலாம்.

நம் ஓர்க்கின் முகம் இப்படிப் போனது. முதலில் கண்குழியில் கறுப்பு, அதில் ஒரு மஞ்சள் கீற்று, நடுவில் ஊசி நுனி அளவு கறுப்பு. அப்புறம் கரும்பச்சை, கண்ணை விட்டுவிட்டு முழுவதும். காய்ந்ததும் பழுப்பு இங்க்கை நீர்த்துப் பூசினால் அது தானாகப் பள்ளங்களில் போய் உட்காரும். பல்லிடுக்கு, மூக்கு மடிப்பு, புருவத்துக்கு அடி. அதன்மேல் இளம்பச்சையைப் பிரஷில் தொட்டு, டிஷ்யூவில் துடைத்துவிட்டு, மிச்சத்தை மேடுகளில் மட்டும் உரசினால் கன்னமும் தாடையும் எழும்பி வரும். கடைசியாக இளம்பச்சையில் மஞ்சள் கலந்து மூக்கு நுனிக்கும் கீழுதட்டுக்கும் ஒவ்வொரு தொடுதல். பல்லுக்கு வெள்ளை அடிக்கக்கூடாது, எலும்பு நிறம் அடிக்கவேண்டும். நாக்கு பழைய சாயத்தில் இருந்த அதே சிவப்பு. சார் அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

பீடத்தில் மணல் ஒட்ட எல்லாரும் வெள்ளைப் பசைதான் எடுப்பார்கள். அது பாலிவினைல் அசெட்டேட். அதுவும் அசெட்டிக் ஆவி விடக்கூடியது. சூப்பர் குளூ போதும். முடிவில் இரண்டு கை வார்னிஷ், அடிப்பக்கமும் சேர்த்து.

இனி எங்கே வைப்பது

உடனடி விடை எளிது. மூடி இறுகும் பாலிப்ரொப்பிலீன் பெட்டி, சிலிக்கா ஜெல், அட்டையும் வெல்வெட்டும் இல்லாமல் பாலித்தீன் நுரை. மழைக்காலத்தில் நம் வீட்டுக்குள் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சர்வசாதாரணம். சிலிக்கா ஜெல்லை நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடவேண்டும். கேமராவுக்கு விற்கும் உலர் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. மைலோ டின்காரர்களை மைலோ டின்னிலேயே விட்டேன். தகரம் அமிலம் விடாது. இத்தனை வருடம் பார்த்துக்கொண்ட வீட்டை விட்டு ஏன் கிளப்புவது?

ஆனால் சாருக்கு அது திருப்தியில்லை. பெட்டிக்குள் அடைத்து வைப்பதற்கா இவ்வளவு பாடு, பேரப்பிள்ளைகள் பார்க்கவேண்டாமா என்றார். நியாயம்தான். மரம் வேண்டாம், கண்ணாடியும் அலுமினியமும் மட்டும் வைத்து ஒரு சின்ன ஷோகேஸ் என்று முடிவாகி, பசார் பக்கத்தில் கண்ணாடி வெட்டுபவரிடம் அளவு கொடுத்தோம். அவர் மாதிரிக்கு ஒரு மூலையை ஒட்டிக் காட்டினார். நான் குனிந்து முகர்ந்து பார்த்தேன். வினிகர் வாசம் மூக்கில் ஏறியது. மீன் தொட்டிக்கும் குளியலறைக்கும் அடிக்கும் சாதாரண சிலிகான் காயும்போது அசெட்டிக் அமிலத்தைத்தான் விடும். தூள்பலகையை வெளியேற்றிவிட்டு அதையே குழாயில் வாங்கி உள்ளே அடைத்திருப்போம்.

“அண்ணே, இது வேணாம். நியூட்ரல் கியூர்னு போட்டிருக்கும், அந்தக் குழாய் இருக்கா?”

“இருக்கு, விலை கூட. பொம்மைக்குத்தானே, இது பத்தாதா?”

சார் பதில் சொல்லாமல் பர்ஸை எடுத்தார். ஷோகேஸ் வந்ததும் வாசம் முழுவதும் போகட்டும் என்று சில வாரம் திறந்தே போட்டிருந்தோம். அப்புறம் உள்ளே ஒரு ஈயக்குண்டுத் தகட்டை மட்டும் வைத்துப் பார்த்தோம். சாம்பலாக மங்கியதே தவிர வெளுக்கவில்லை. அதன்பிறகே குள்ளர்கள் உள்ளே போனார்கள். அந்தத் தகடு இன்னும் கீழ்த்தட்டின் மூலையில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அதைக் கவிழ்த்துப் பார்க்கும் வேலை மூத்த பேத்திக்கு, கையுறை போட்டுக்கொண்டு. பழைய அலமாரியில் இப்போது சாரின் பள்ளிக்கூடக் கோப்பைகள் நிற்கின்றன.